சீமைக்காரி கவுனும் நம்ம கரைத் துணியும்

கேள்வி: 1500-லேருந்து 1800 வரைக்கும் ஐரோப்பாவுல பொம்பளைங்க டிரெஸ் எப்படி மாறுச்சுன்னு எங்களுக்கு ஒரு பாடம் இருக்கு. கூடு வச்ச பாவாடை, கழுத்தச் சுத்தி மடிப்பு மடிப்பா காலர்... எதுக்குக்கா இந்தப் பாடு பட்டாங்க?
— கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

வசதியக் காட்டத்தான் தங்கச்சி. பிரம்பு வளையத்த உள்ள வச்சுத் தைக்கிற பாவாடை 1400-கள் கடைசியில ஸ்பெயின்ல ஆரம்பிச்சு இங்கிலாந்து வரைக்கும் போச்சு. அந்தக் காலருக்குக் கஞ்சி போட்டு, கம்பியச் சூடு பண்ணி ஒவ்வொரு மடிப்பா எடுக்கணும், அதப் போட்டுக்கிட்டு குனிஞ்சு ஒரு குடம் தண்ணி தூக்க முடியாது, தூக்க வேண்டிய அவசியம் இல்லாத வீட்டுப் பொம்பளன்னு ஊருக்குச் சொல்லுத டிரெஸ் அது. ஆனா உன் பாடத்துல 1675-அ விட்டுராத. அதுவரைக்கும் பாரிஸ்ல பெரிய கவுன் எல்லாம் ஆம்பள டெய்லருங்கதான் தைக்கணும், அந்த வருஷம்தான் தையல்காரப் பொம்பளைங்களுக்குன்னு தனிச் சங்கத்துக்கு ராஜா அனுமதி குடுத்தாரு. அப்புறம்தான் பொம்பளைக்குப் பொம்பள தைச்ச, கொஞ்சம் தளர்வான கவுன் பரவுச்சு. எனக்கு அந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

கேள்வி: அந்த மாற்றத்துல நம்ம பக்கத்துக்கு ஏதாவது பங்கு உண்டா?
— வாசகர், தூத்துக்குடி

நல்லாக் கேட்டிய அண்ணாச்சி, உங்க ஊர்லருந்தே ஆரம்பிக்கலாம். 1658-ல போர்ச்சுகீசியர்கிட்டருந்து டச்சுக்காரன் தூத்துக்குடியப் பிடிச்சான்லா, முத்து மட்டுமா அவன் கண்ணுல பட்டுச்சு, துணியும்தான். பின்னால கரிசல் காடு, அதுல பருத்தி, வீட்டுத் திண்ணையில உக்காந்து நூல் நூக்குற பொம்பளைங்க, ஊருக்கு ஊர் தறி. கடற்கரை மணல்ல தோண்டுனா சாயவேர். படிகாரத்தோட சேத்து அந்த வேர்ச் சாயத்தப் போட்டா வர்ற சிவப்பு எத்தன தடவ வெளுத்தாலும் போகாது. ஐரோப்பாக்காரனுக்கு அப்போ பருத்தியில இப்படிச் சாயம் ஏத்தத் தெரியாது, அவனுக்குக் கம்பளி, பட்டு, லினன் அவ்வளவுதான்.

இதுல ஒண்ணு நேர்மையாச் சொல்லணும், கையால பூ வரைஞ்சு சாயம் ஏத்துற கலம்காரி மாதிரி உசத்தித் துணிக்குப் பேர் போனது ஆந்திராக் கரையில மசூலிப்பட்டினம் பக்கம். நம்ம கரையும் சேந்துதான் அந்த மொத்த வியாபாரம்.

இந்தத் துணி போய் இறங்குனதும் அங்க என்ன ஆச்சு தெரியுமா? லேசா இருக்கு, துவைக்கலாம், சாயம் நிக்குது, பூவும் கொடியுமா கண்ணைப் பறிக்குது, விலையும் பட்டு விலை இல்ல. சீமாட்டி கட்டுனத அவ வீட்டு வேலைக்காரியும் கட்டலாம்னு ஆயிப்போச்சு. பாவாடை, கவுன், கட்டில் திரைன்னு எங்க பாத்தாலும் இந்தியத் துணி. அங்க உள்ள நெசவாளிக்கு வயித்துல அடி. 1686-ல பிரான்ஸ் தடை போட்டுது, 1759 வரைக்கும் எடுக்கல. இங்கிலாந்துல 1719-ல நெசவாளிங்க தெருவுல இறங்கி, இந்தத் துணி உடுத்துன பொம்பளைங்க கவுனக் கிழிச்சாங்க, மேல மையும் ஆசிட்டும் ஊத்துனாங்க. அரசாங்கம் 1721-ல சட்டம் போட்டு, சாயம் போட்ட பருத்தித் துணிய உடுத்தவே கூடாதுன்னுட்டு, அது 1774 வரைக்கும் இருந்துச்சு. அவன் பசி நமக்குப் புரியுது, ஆனா கோவத்த ஏன் பொம்பள உடம்பு மேல காட்டணும்? கப்பல்ல ஏத்திக் கொண்டுவந்து லாபம் பாத்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் கோட்ட ஒருத்தனும் கிழிக்கலையே.

ஹாலந்துல தடை கிடையாது, அங்க ஹிந்தலோப்பன்னு ஒரு சின்ன ஊர்ல பொம்பளைங்க இந்தியப் பூத்துணியத் தங்களோட ஊர் டிரெஸ்ஸாவே ஆக்கிக்கிட்டாங்க. 1783-ல பிரான்ஸ் ராணி மேரி அன்டோனெட் மஸ்லின்ங்கிற மெல்லிசு வெள்ளைப் பருத்தித் துணி கவுன்ல ஓவியத்துக்கு நின்னா, உள்ளாடையோட நிக்கான்னு ஊரே ஏச, கண்காட்சியிலருந்து அந்தப் படத்த எடுத்துட்டுப் பட்டு உடுத்துன படத்த வச்சாங்க. ஆனா கொஞ்ச வருஷத்துல எல்லாரும் கட்டுனது அந்த மெல்லிசு வெள்ளைத் துணியத்தான். கூடு, பட்டு எல்லாம் ஒதுங்குச்சு. ஃபேஷன்னா பாரிஸ், லண்டன்னு எழுதுதாங்களே, நூல் நூத்த கையும் வேர் தோண்டுன கையும் அதுல வரவே இல்ல, எனக்கு அது ஆறவே மாட்டேங்குது.

கேள்வி: எங்க ஆச்சி கடைசி வரைக்கும் ரவிக்கை போடல. அதப் பாத்தா நம்ம பொம்பளைங்க டிரெஸ் மாறவே இல்லன்னுதான தோணுது?
— வாசகி, அம்பாசமுத்திரம்

அப்படிச் சொல்லாதீங்க. தைச்ச சட்டை இருந்தாத்தான் ஃபேஷன்னு யாரு சொன்னா? நம்மகிட்ட மாத்தம் எல்லாம் கரையில, கட்டத்துல, கட்டுற விதத்துல, நகையில நடந்துச்சு. சின்னப் புள்ளையிலேயே காது குத்தி, ஓலைச்சுருள் வச்சு, குணுக்குப் போட்டு இழுத்து, கல்யாண வயசுல பாம்படம் தொங்கவிட்டாங்களே, அதுக்குப் பட்ட பாடு அந்தக் கஞ்சி போட்ட காலருக்குக் குறைஞ்சதா?

ரவிக்கை இல்லாதது எல்லா இடத்துலயும் விருப்பம்னும் சொல்லிர முடியாது. உங்க ஊருக்கு அந்தாண்ட திருவிதாங்கூர்ல நாடார் பொம்பளைங்க மாரை மூடக்கூடாதுன்னு அடிச்சாங்க. 1820-கள்லேருந்து போராடி 1859-லதான் உத்தரவு வந்துச்சு, அதுலயும் குப்பாயம்ங்கிற மேல்சட்டை போட்டுக்கோ, மேல்சாதிப் பொம்பளைங்க உடுத்துற மாதிரி மட்டும் உடுத்தாதன்னு எழுதுனாங்க. வெக்கங்கெட்ட உத்தரவு.

பழைய உடுப்பக் கண்ணால பாக்கணும்னா உங்க பக்கத்துலயே திருப்புடைமருதூர் கோயில் இருக்குல்லா, கோபுரத்து உள்மாடத்துல விஜயநகர-நாயக்கர் காலத்து ஓவியம், மரச்சிற்பம். குதிரை ஏத்திட்டு வர்ற கப்பலத்தான் எல்லாரும் போட்டோ எடுப்பாங்க, நீங்க பொம்பளைங்க இடுப்புத் துணியில இருக்குற டிசைனப் பாருங்க, ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. மேல ஏறுறதுக்கு முன்னால கோயில்ல கேட்டுக்கோங்க, சுவத்தத் தொட்டுராதீங்க.