ஒன்றுக்குப் பத்து மரம்

ஐயா, வணக்கம். பினாங்குக் கொடிமலைக்குக் கேபிள் கார் வருவதை என் தோழிகள் எதிர்க்கிறார்கள். வெட்டும் ஒரு மரத்துக்குப் பத்து மரம் வேறிடத்தில் நட்டால் வளர்ச்சியும் இருக்கும், காடும் இருக்குமே? இப்போதே குரங்குகள் எங்கள் அடுக்குமாடிக்கு வந்துவிடுகின்றன.
ஒரு வாசகி, ஆயர் ஈத்தாம்

அன்புள்ள தங்கைக்கு,

குரங்கு வராமலிருக்க மூடி போட்ட குப்பைத்தொட்டி போதும். கேபிள் கார் வேண்டுமா என்பதைப் பிறகு பேசலாம். “ஒன்றுக்குப் பத்து” என்ற கணக்கைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. சில நாளாக மனத்தை அரிப்பதும் அதுதான். படித்த பிள்ளை, இதை எப்படி நம்பினீர்கள்?

நம் மலைமுகடுகளில் நிற்கும் மெராந்தி செராயா மரத்தைப் பாருங்கள். 1884இல் தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்காவை உண்டாக்கிய சார்லஸ் கர்ட்டிஸின் பெயரை அதன் அறிவியல் பெயரில் வைத்திருக்கிறார்கள். அது ஆண்டுதோறும் காய்க்காது. சில ஆண்டுக்கு ஒருமுறை, அதன் குடும்பத்து மரங்கள் பலவும் ஒன்றாகக் காய்க்கும். விதையைச் சேமிக்க வழியில்லை, காய்ந்தால் செத்துவிடும். கன்றுக்கு நிழல் வேண்டும். வேரில் ஒருவகைப் பூஞ்சை பற்ற வேண்டும். அதுதான் மண்ணிலிருந்து சத்தை இழுத்துத் தரும். அந்தப் பூஞ்சை இருப்பது தாய்மரத்தடி மேல்மண்ணில். புல்டோசர் முதலில் வழித்துத் தள்ளுவதும் அதைத்தான்.

பிறகு வெட்டவெளியில் நட்டால் இலை கருகும், லாலாங் புல் அமுக்கிவிடும். அதனால் அகாசியாவை நடுகிறார்கள். ஒரே ஆண்டில் ஆள் உயரத்தைத் தாண்டும், எண்ணிக்கையும் சரியாகிவிடும். பச்சையாக இருப்பதெல்லாம் காடா அம்மா?

முறையாகச் செய்வதென்றால் மேல்மண்ணைத் தனியே வழித்து, ஒரு மீட்டருக்கு மேல் குவிக்காமல், சில வாரங்களுக்குள் பரப்பிவிட வேண்டும். உயரக் குவித்தால் உள்ளே காற்றுப் போகாமல் பூஞ்சை சாகும். நாற்றுப் பையில் தாய்மரத்தடி மண் ஒரு பிடி. முதலில் பாதிக்கு மேல் நிழல், பிறகு நிழல்வலையைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி, மழை தொடங்கும்போது நடவு. அதன்பின் இரண்டு மூன்று ஆண்டு களையெடுப்பு. பணம் ஒதுக்காமல் விடப்படுவது பெரும்பாலும் இந்தக் கடைசி வேலைக்குத்தான்.

வேறிடத்து மரம் கொடிமலைச் சரிவைப் பிடித்து நிறுத்தாது என்பதும் உண்டு. சிதைந்த கருங்கல் மண் அது, நீர் ஊறினால் பிடிப்பு விட்டுப்போகும். 2017 நவம்பர் மழையில் மலை பல இடங்களில் சரிந்ததை மலையடியில் ஆயர் ஈத்தாமில் இருக்கும் நீங்களா மறப்பது?

திட்டத்தின் சூழல் பாதிப்பு அறிக்கையைப் படிக்கும்போது, எத்தனை மரம் என்ற பக்கத்தைத் தாண்டிப் போங்கள். என்ன இனம், மேல்மண் எங்கே போகிறது, மூன்றாம் ஆண்டில் களையெடுப்பது யார் என்று எழுதிக் கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள், தங்கை.