பழைய பிக்கப்புக்குப் புது என்ஜின்: கேட்டவர்களுக்குப் பதில்

தண்டையார்பேட்டையில் என் கொட்டகையில் நிற்கும் 1951 டாட்ஜ் பிக்கப்பின் படத்தைப் பார்த்துவிட்டு நிறைய பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். அதில் 1996-ல் கான்டெஸாவின் 1.8 லிட்டர் இசுசூ பெட்ரோல் என்ஜினையும் அதன் ஐந்து கியர் பாக்ஸையும் ஏற்றினேன். இன்றும் ஓடுகிறது. எனக்குத் தெரிந்தது சேஸ், என்ஜின், கியர்பாக்ஸ். பெயின்ட், சீட் பற்றிக் கேட்டவர்கள் அந்த வேலை தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி: தாத்தாவின் 1952 ஃபார்கோ அரை டன் பிக்கப், 20 வருடமாக நிற்கிறது. ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின், பிளாக்கில் விரிசல். முதல் மாடல் இன்னோவாவின் டீசல் என்ஜின் கியர்பாக்ஸோடு கிடைக்கிறது. உட்காருமா?

உட்காரும். ஃபார்கோ, டாட்ஜ் இரண்டும் ஒரே வண்டிதான். பழைய ஆறு சிலிண்டர் நீளம், கனம். இன்னோவாவின் 2494 சி.சி. நான்கு சிலிண்டர் அதைவிடக் குட்டை. அதனால் நீளம் ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை கீழே இருக்கிறது. உங்கள் வண்டியில் முன்பக்கம் ஒரே இரும்பு ஆக்ஸில் குறுக்கே போகிறது. என்ஜினின் ஆயில் சேம்பர் எந்த இடத்தில் ஆழமாக இறங்குகிறது என்று பாருங்கள். ஆக்ஸிலுக்கு மேலே ஆழம் வந்தால், பள்ளத்தில் ஸ்பிரிங் அமுங்கும்போது ஆக்ஸில் வந்து சேம்பரை இடிக்கும். அப்போது என்ஜினைப் பின்னால் தள்ள வேண்டும், அல்லது சேம்பரை வெட்டி மாற்ற வேண்டும்.

மவுண்டிங்கும் வேறு. பழைய என்ஜினுக்கு முன்னால் டைமிங் மூடிக்குக் கீழே ஒரு தாங்கி, பின்னால் கிளட்ச் ஹவுசிங்கில் தாங்கிகள். புது என்ஜின் இரண்டு விலாவிலும் தொங்கும். அந்த இடத்தில் சேஸில் எதுவும் இருக்காது, புதிதாகச் செய்ய வேண்டும். சேஸில் நேராக வெல்டிங் வைக்காதீர்கள். தகடு வைத்து போல்ட் போடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். எல்லோரும் என்ஜினை செயின் பிளாக்கில் தொங்கவிட்டு முன்னாலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நீங்கள் பின்னாலிருந்து வாருங்கள். பின் ஆக்ஸில் ஹவுசிங்கின் நடுவிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். பினியன் (ஷாஃப்ட் வந்து சேரும் சிறிய பல்சக்கரம்), சேஸின் குறுக்குச் சட்டம், முன் ஆக்ஸில், ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் அப்படியே. பிறகு வண்டியைத் தள்ளிவிட்டால் தரையிலேயே வரைபடம் இருக்கும். நான் அதன்மேல் அட்டைப் பெட்டியை என்ஜின் அளவுக்கு வெட்டி வைத்து நான்கு நாள் நகர்த்திப் பார்த்தேன். அந்த நான்கு நாளில் தப்பித்தது இரண்டு மாத வேலை. கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் இரண்டு முனையிலும் ஜாயின்ட் கோணம் சமமாக இருக்க வேண்டும், வித்தியாசம் ஒரு டிகிரிக்குள். இல்லையென்றால் 50-க்கு மேல் போனதும் தரைத்தகடு நடுங்கும்.

அடுத்து பின் ஆக்ஸிலில் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுனைத் திறந்து பல்லை எண்ணுங்கள். கிரவுனில் 41, பினியனில் 10 என்றால் 4.1. 6.00-16 டயரில், நேர் கியரில் (என்ஜினும் புரொப்பெல்லர் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும் கியர்) 60 கிலோமீட்டர் வேகத்துக்கு என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 1,840 சுற்று சுற்றும், 80-க்கு 2,450. ஐந்தாவது கியர் இருந்தால் இன்னும் குறையும். டீசலுக்கு இது சுகமான இடம், கிரவுனை மாற்ற வேண்டாம்.

ஆனால் பணம் கொடுக்கும் முன் அடுத்த பதிலைப் படியுங்கள்.

ராயபுரம்: ஆர்.சி. புத்தகத்தில் என்ஜினை மாற்றித் தருவார்களா?

இதைத்தான் எல்லோரும் கடைசியில் கேட்கிறீர்கள். நான் மாற்றிய காலத்தில் முன் அனுமதி வாங்கி, மாற்றத்தை ஆர்.சி.யில் ஏற்ற முடிந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவை 2000-ல் மாற்றினார்கள். தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்பதே இப்போதைய சட்டம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. பெட்ரோல் வண்டிக்கு வேறு கம்பெனி டீசல் என்பது நேராக அதில் போய் முட்டும்.

இன்னொன்று: 2021-ல் பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனிப் பதிவு வந்தது. 50 வயது தாண்டிய வண்டி, 'வி.ஏ.' எழுத்து உள்ள நம்பர், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். சேஸ், பாடி, என்ஜின் மூன்றும் மாற்றப்படாமல் இருந்தால்தான் அது கிடைக்கும். என்ஜினை மாற்றிய அன்றே அந்த வாய்ப்பு போய்விடும். அதனால் தம்பி, முதலில் காகிதம், பிறகு ஸ்பேனர். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள், யாரோ வாயால் சொன்னதை நம்பாதீர்கள். அனுமதி இல்லையென்றால் அந்த வண்டி உங்கள் காம்பவுண்டுக்குள் மட்டும்தான்.

எண்ணூர்: ஸ்விஃப்ட் என்ஜின் மலிவாகக் கிடைக்கிறது, போடலாமா?

வேண்டாம். அது குறுக்கே உட்கார்ந்து முன்சக்கரத்தை ஓட்டும் என்ஜின். உங்களுக்கு நெடுக்கே உட்கார்ந்து பின்சக்கரத்தை ஓட்டும் என்ஜின் வேண்டும்.

காசிமேடு: படகு என்ஜின் ஒன்று சும்மா கிடக்கிறது.

படகிலேயே இருக்கட்டும். அந்தக் கியரில் முன்னே, பின்னே இரண்டுதான் உண்டு.

பெரம்பூர்: ஐயா, தவறாக நினைக்காதீர்கள். ஒரிஜினல் என்ஜினைக் கழற்றிவிட்டு வேறு எதையோ போடுவது அந்த வண்டியைக் கொல்வதுதான். உங்கள் டாட்ஜ் இப்போது டாட்ஜே இல்லை.

பெரம்பூரில் உட்கார்ந்து இதைச் சொல்கிறீர்களே. உங்கள் வீட்டிலிருந்து செம்பியம் எவ்வளவு தூரம்? அங்கே சிம்சன் கம்பெனியில்தான் பெர்கின்ஸ் பி6 டீசல் செய்தார்கள். 4.7 லிட்டர், 83 குதிரைத்திறன். டாட்ஜ், ஃபார்கோ லாரிகளில் பெட்ரோல் என்ஜின் இருந்த இடத்தில் அது உட்கார்ந்தது. பெட்ரோல் கட்டுப்படியாகாமல் நின்றிருக்க வேண்டிய லாரிகள் அதனால் இன்னும் பல வருடம் அரிசி மூட்டை ஏற்றின. என்ஜின் மாற்றுவது நம் வடசென்னைக்கு வெளியூரிலிருந்து வந்த பழக்கம் இல்லை.

மறுபடி பெரம்பூர்: அது கம்பெனிக்காரர்கள் கணக்குப் போட்டுச் செய்தது. இது பழைய இரும்புக் கடையில் வாங்கியது. இரண்டும் ஒன்றா?

ஒன்றில்லை, ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் போட்ட கணக்கை நாமும் போட வேண்டும் என்றுதான் மேலே தூக்குக்குண்டில் ஆரம்பித்தேன்.

மாதவரம்: பெரம்பூர்க்காரர் சொல்வதே சரி. ஃபிளாட்ஹெட் என்ஜினுக்கு ஸ்லீவ் (சிலிண்டருக்குள் புது உறை) அடித்தால் இன்னும் 30 வருடம் ஓடும்.

பிளாக் நன்றாக இருந்தால் நானும் அதையே சொல்வேன். வால்வு பிளாக்கிலேயே இருக்கும் எளிய என்ஜின், கம்ப்ரஷன் குறைவு, பொறுமையாக இழுக்கும். ஸ்லீவ் அடியுங்கள். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்ற ரப்பர் குழாயும் பம்ப் டயஃப்ரமும் போடுங்கள், மாற்றவே வேண்டாம். ஆனால் கொருக்குப்பேட்டைத் தம்பியின் பிளாக் விரிந்துவிட்டது. அதே வகை பிளாக் தேடுங்கள் என்பதே அவருக்கு என் முதல் யோசனை, ஆர்.சி.க்கும் அது நல்லது. கிடைக்காவிட்டால்? கிலோ கணக்கில் எடைக்குப் போடச் சொல்வீர்களா? போன வருடம் மூலக்கடைப் பக்கம் ஒரு பிக்கப்பின் கேபினை கேஸ் கட்டரால் அறுத்துக்கொண்டிருந்தார்கள். கதவில் முதலாளியின் பெயர் கையால் எழுதியது அப்படியே இருந்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வேறு என்ஜினோடு ஓடினாலும் அந்தக் கதவு இருந்திருக்கும்.

பெரம்பூர்க்காரருக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் டாட்ஜின் சேஸில் ஒரு இரும்புச் சட்டத்தைக்கூட நான் அறுக்கவில்லை. பழைய என்ஜின் ஆயில் ஊற்றி, பிளக் துளை அடைத்து, ஸ்டாண்டில் இருக்கிறது. யாராவது விரும்பினால் மறுபடி ஏற்றலாம். வந்து பாருங்கள்.

புளியந்தோப்பு: பொலேரோ என்ஜின்? வண்ணாரப்பேட்டை: சுமோ? மணலி: குவாலிஸ்? வியாசர்பாடி: பொலேரோ?

நால்வருக்கும் முதல் பதிலேதான். மேலே படிக்காமல் கேட்காதீர்கள். சேர்த்துச் சொல்ல ஒன்று உண்டு. குவாலிஸ் மாதிரி பழைய பம்ப் டீசலுக்கு நாலைந்து வயர் போதும். கம்ப்யூட்டர் டீசல் விடும் காமன் ரெயில் வகை என்றால் ஈ.சி.எம். என்கிற அந்த கம்ப்யூட்டர், வயரிங், ஆக்ஸிலரேட்டர் பெடல், சாவி எல்லாம் அதே வண்டியிலிருந்து வர வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் ஸ்டார்ட் ஆகாது.

திருவொற்றியூர்: ஏ.சி., பவர் ஸ்டீயரிங் சேர்க்கலாமா?

பிரேக்கைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்கவில்லை! நான்கு சக்கரத்துக்கும் டிரம், ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே வழி. ஒரு குழாய் வெடித்தால் நான்கும் போச்சு. அதைவிட ஒன்று: டாட்ஜ், ஃபார்கோவில் ஹேண்ட் பிரேக் கியர்பாக்ஸின் பின்னால் இருக்கும் டிரம்மில். கியர்பாக்ஸைக் கழற்றினால் ஹேண்ட் பிரேக்கும் கூடவே கழன்று போகும்.

நான் அதைப் பிறகு செய்துகொள்ளலாம் என்று விட்டேன். எண்ணூர் நெடுஞ்சாலையில், முன்னால் கன்டெய்னர் லாரி, பெடல் தரைவரை போய்விட்டது. கை பழக்கத்தில் ஹேண்ட் பிரேக்கைத் தேடியது, அங்கே வெறும் ஓட்டை. இரண்டாவது கியரில் அடித்து, கடல் பக்கத்து மணலில் இறக்கி நிறுத்தினேன். பம்பருக்கும் லாரிக்கும் நடுவே ஒரு ஆள் அகலம்தான் இருந்தது. மறுநாளே இரட்டை வழி மாஸ்டர் சிலிண்டரும், பின்சக்கரத்துக்குக் கேபிள் ஹேண்ட் பிரேக்கும் போட்டேன். டீசல் போடுகிறவர்கள் கவனியுங்கள்: பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் பம்ப் தனியாக வேண்டும். ஏ.சி. அதற்குப் பிறகு.

கொடுங்கையூர்: இடது சக்கர நட்டு வரவேயில்லை. பைப் போட்டுத் திருகினோம், இரண்டு ஸ்டட் முறிந்தது.

இடது பக்கம் எதிர் மரை. வலது பக்கம் மாதிரி திருப்பினால் இறுகும். மீதி நட்டுகளை எதிர்ப்பக்கம் திருப்புங்கள்.

தங்கசாலை: பழைய 6 வோல்ட் வயரிங்கை வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. அதில் பாசிட்டிவ் எர்த். அப்படியே புது ஆல்டர்னேட்டரைக் கொடுத்தால் டயோடு எரிந்துவிடும். முழுக்க 12 வோல்ட், நெகட்டிவ் எர்த்.

மைலேஜ் கேட்ட ஆறு பேருக்கு: மைலேஜுக்காக இந்த வேலையில் இறங்காதீர்கள்.

கொருக்குப்பேட்டைத் தம்பி மறுபடி: அண்ணே, என்ஜினுக்கு 5,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். என்ன செய்ய?

மீதியைக் கொடுக்காதீர்கள். அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள், பதில் வரட்டும். அதற்குள் அதே வகை பிளாக்குக்கு நானும் இரண்டு இடத்தில் சொல்லி வைக்கிறேன். அடுத்த ஞாயிறு காலையில் உங்கள் கொட்டகைக்கு வருகிறேன். தரையைப் பெருக்கி, வண்டிக்கு அடியில் இருக்கும் சாமானை எடுத்து வையுங்கள். சாக்பீஸும் தூக்குக்குண்டும் நான் கொண்டு வருகிறேன். நீங்கள் நான்கு சக்கரத்தையும் கழற்றி வையுங்கள், முதலில் பிரேக் டிரம்மைத் திறக்கலாம். இடது பக்கம் எதிர் மரை, மறக்காதீர்கள்.