தறி யாருக்கு?

கேள்வி: தறியில் உட்கார ஆசைப்படுகிறேன். "பொம்பளைக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றுவதுதான் வேலை, நெய்வது ஆம்பளை வேலை" என்கிறார் மாமனார். அப்படித்தானா?
- ஒரு வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: உங்கள் தெரு வழக்கம் அப்படி இருக்கலாம், உலக வழக்கம் அப்படியில்லை. அஸ்ஸாமில் நெசவு காலங்காலமாகப் பெண்கள் கைவேலை. அமெரிக்காவின் அரிசோனாவில் ஹோப்பி, நவஹோ என்ற இரண்டு பழங்குடிகள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிறார்கள். ஹோப்பி மரபில் ஆண்கள் நெய்வார்கள். நவஹோ மரபில் பெண்கள். அதே மண், அதே வெயில்!

நானும் சேலத்துக்காரிதான், குகை என்ற பகுதியில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது அம்மா குழித்தறியில் இறங்கினார். முதல் நாள் பாவு இழை, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், அறுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் விரல் நுனியை நாக்கில் தொட்டு, இழையை முறுக்கி முடிச்சுப் போட்டார். வேட்டி முடிந்தது, கூலியும் வந்தது. கணக்கு நோட்டில் மட்டும் அப்பா பெயர். அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

நீங்கள் தாராளமாக உட்காருங்கள். மாமனாரையே பக்கத்தில் இருந்து தறியின் கால்மிதியைப் பழக்கச் சொல்லுங்கள், அவரைவிட நல்ல வாத்தியார் கிடைக்கமாட்டார். அப்புறம், கூலி நோட்டில் உங்கள் பெயரை எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.