10 சதவீதத்தைவிட 13 சதவீதம் மலிவாவது எப்படி?

கேள்வி: குலசேகரம் பக்கம் ஒரு ஏக்கர் ரப்பர் இருக்கிறது. ஸ்கூட்டர் வாங்க ஒரு லட்சம் ரூபாய் கடன் வேண்டும், இரண்டு வருடத் தவணை. மார்த்தாண்டத்தில் வண்டி ஷோரூமிலேயே உட்கார்ந்திருக்கும் ஃபைனான்ஸ்காரர் "10 சதவீதம்தான், ஃபிளாட்" என்கிறார். வங்கியில் 13 சதவீதம்; அங்கேயும் "சிபிலில் செட்டில்டு என்று காட்டுகிறதே" என்று இழுக்கிறார்கள். 2022-ல் கிரெடிட் கார்டு பாக்கி 42,000 ரூபாய்க்கு 25,000 கட்டி முடித்தேன். கடிதமும் கையில் இருக்கிறது. எந்தக் கடனை எடுப்பது? அந்தச் சொல்லை மாற்ற முடியுமா?

பதில்: முதலில் வட்டி. நம் பக்கத்தில் பலரும் வட்டியைச் சதவீதத்தில் யோசிப்பதில்லை. நூற்றுக்கு மாதம் எத்தனை ரூபாய் என்றுதான் கேட்பார்கள். அந்தக் கணக்கிலேயே பார்ப்போம்.

ஃபிளாட் 10 சதவீதம் என்றால் ஒரு லட்சத்துக்கு வருடம் 10,000, இரண்டு வருடத்துக்கு 20,000 வட்டி. மொத்தம் 1,20,000 ரூபாயை 24 ஆல் வகுத்து மாதம் 5,000 தவணை போடுவார்கள். மேலுக்குப் பார்த்தால் நூற்றுக்கு 83 பைசா வட்டி. ஆனால் அந்த ஒரு லட்சம் முழுதும் உங்கள் கையில் இருப்பது முதல் மாதம் மட்டும்தான். அடுத்த மாதத்திலிருந்தே அசல் கரைகிறது, வட்டி கரைவதில்லை. கடைசித் தவணையில் நீங்கள் கட்டும் 5,000-ல் அசல் 4,167, வட்டி 833. நாலாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு மாதத்தில் 833 ரூபாய் வட்டி கொடுக்க எந்த வட்டிக்கடையில் சம்மதிப்பீர்கள்?

குறையும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் முறையில் இதே கடனைக் கணக்கிட்டால் வருடத்துக்கு 18 சதவீதத்துக்குச் சற்று மேலே வரும். அதாவது ஒன்றரை வட்டி. வங்கி சொல்லும் 13 சதவீதம் குறையும் அசலுக்கானது. மாதத் தவணை ஏறக்குறைய 4,754, மொத்த வட்டி 14,100 ரூபாய்க்குப் பக்கத்தில். நூற்றுக்கு ஒரு ரூபாய் எட்டு பைசா. ஆக '13'தான் மலிவு, கிட்டத்தட்ட 5,900 ரூபாய் வித்தியாசத்தில்.

இது இன்னும் முழுக் கணக்கு இல்லை. பரிசீலனைக் கட்டணம் 3,000, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 540 என்று முதலிலேயே பிடித்துக்கொண்டால் கைக்கு வருவது 96,460. தவணை அதே 5,000. இப்போது உண்மையான வட்டி ஏறக்குறைய 22 சதவீதம். இரண்டு வட்டிக்குக் கொஞ்சம்தான் குறைவு. கட்டணங்களையும் சேர்த்துச் சொல்லும் இந்த எண்ணுக்குத்தான் ஏபிஆர் என்று பெயர். 2024 அக்டோபர் 1 முதல் புதிய சில்லறைக் கடன்களுக்கு ஏபிஆர், எல்லாக் கட்டணங்கள், தவணை அட்டவணை அடங்கிய 'முக்கிய விவர அறிக்கை' தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கேஎஃப்எஸ் என்று கேட்டால் கவுண்டரில் புரியும். அது உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் வாங்கக் கூடாது. யோசிக்கக் குறைந்தது 3 வேலைநாள் அவகாசமும் உண்டு. "ஆஃபர் இன்னைக்கோட முடியுது, இப்பவே ஒப்பு போடுங்க" என்று அவசரப்படுத்தினால் இதைச் சொல்லுங்கள். வங்கியிடமும் இதே தாளை வாங்கி, இரண்டிலும் ஏபிஆர் வரியை மட்டும் ஒப்பிட்டால் போதும். மற்ற சதவீதமெல்லாம் விளம்பரம்.

பாதியில் கடனை முடிக்கும் எண்ணம் இருந்தால் இன்னொன்று. ஃபிளாட் கடனில் 12 தவணை கட்டியதும் அசலில் பாதி தீர்ந்திருக்கும் என்று நினைப்போம். நிறுவனத்தின் ஏட்டில் 54,500 ரூபாய் அளவுக்கு நிற்கும், ஏனென்றால் ஏட்டில் ஆரம்பத் தவணைகளில் வட்டிக்குக் கூடுதலாகவும் கடைசித் தவணைகளில் குறைவாகவும் கழிப்பார்கள். அதற்கு மேல் முன்கூட்டி முடிக்கும் கட்டணம் வேறு. அது எத்தனை சதவீதம் என்பதையும் கேஎஃப்எஸ்ஸில் பாருங்கள்.

இனி 'செட்டில்டு'. நம் கடன் வரலாற்றைப் பதிந்துவைக்கும் சிபில் நிறுவனத்தின் அறிக்கையில் வரும் சொல் இது. நீங்கள் முடித்துவிட்டதாக நினைக்கிறீர்கள். கடன் கொடுப்பவரோ அதை "இவர் 17,000 ரூபாய் குறைத்துக் கட்டியவர்" என்று படிக்கிறார். முழுதும் கட்டியிருந்தால் 'குளோஸ்டு' என்று வரும். 'ரிட்டன் ஆஃப்' இதைவிட மோசம். வராத கடன் என்று வங்கி தள்ளி எழுதியது. சிபில் மதிப்பெண் 300 முதல் 900 வரை, 750-க்கு மேல் நல்லது என்பது தெரிந்திருக்கும். ஆனால் மேலாளர் மதிப்பெண்ணோடு நிற்காமல் இந்தச் சொற்களையும், மாதவாரியான டிபிடி கட்டங்களையும் பார்ப்பார். டிபிடி என்பது தவணை எத்தனை நாள் தவறியது என்ற எண். 000 என்றால் நாளில் கட்டியது, 030 என்றால் முப்பது நாள் தாமதம். 90 நாளைத் தாண்டினால் அது வாராக்கடன்.

மாற்ற முடியும். ஆனால் சிபில் தானாக மாற்றாது. கார்டு கொடுத்த வங்கி சொல்ல வேண்டும். மீதி 17,000 ரூபாயைக் கட்டினால் 'குளோஸ்டு' என்று பதிவார்களா என்று அந்த வங்கிக்கு எழுதிக் கேளுங்கள். எழுத்தில் பதில் வந்த பிறகே பணம், அதுவும் வங்கிக் கணக்கில் நேரடியாக. வசூல் ஏஜென்ட் கையில் வேண்டாம். கட்டியதும் நிலுவையில்லாச் சான்று வாங்குங்கள். அதன் பிறகும் பதிவு மாறாவிட்டால் சிபில் தளத்தில் சான்றை இணைத்துப் புகார் கொடுக்கலாம். 30 நாளில் சரிசெய்யாவிட்டால் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு என்பது 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறை. அறிக்கையை வருடத்துக்கு ஒருமுறை நான்கு நிறுவனங்களிடமும் இலவசமாக எடுக்கலாம்: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். நீங்களே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. மூன்று ஃபைனான்ஸ்காரர்களிடம் ஒரே வாரத்தில் ஆதாரும் பான் கார்டும் கொடுத்து "எது கிடைக்குதுன்னு பார்ப்போம்" என்றால்தான் குறையும்.

ஆனால் இந்த ஸ்கூட்டருக்காக மட்டும் 17,000 கட்டுவது நஷ்டக் கணக்கு. வட்டியில் மிச்சமாவது 5,900. கட்டண வித்தியாசத்தையும் சேர்த்தால்கூட பத்தாயிரத்தை எட்டாது. இரண்டு மூன்று வருடத்தில் வீட்டுக் கடனோ மறுநடவுக் கடனோ எடுக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே கட்டிச் சுத்தம் செய்யுங்கள். இல்லையென்றால், வங்கி மறுத்த பட்சத்தில் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக்கடன் வட்டி எவ்வளவு என்று விசாரியுங்கள். பழைய 'செட்டில்டு' அங்கே பெரிய தடையாக இருக்காது. ஆனால் ஒரு வருடத்தில் அசலோடு திருப்ப வழி இருந்தால் மட்டும் நகையை வையுங்கள். வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போனால் ஸ்கூட்டர் தேய்ந்த பிறகும் நகை வீட்டுக்கு வராது.

எந்தக் கடனானாலும் தவணைத் தேதியை ரப்பர் பால்வெட்டுக் கணக்கோடு பொருத்துங்கள். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனிலும் அக்டோபரிலும் வெட்டு நிற்கும், தவணை நிற்காது. கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பினால் கடன் கொடுத்தவரும் உங்கள் வங்கியும் தனித்தனியாகக் கட்டணம் பிடிப்பார்கள், டிபிடியும் ஏறும். இரண்டு தவணைப் பணத்தை மழைக்கு முன்பே அந்தக் கணக்கில் போட்டுவையுங்கள். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலத்தில் இருக்கும் தேங்காய்ப்பட்டணம், குளச்சல் விசைப்படகுக்காரர்களுக்கும் இதே கணக்குதான்.

கடைசித் தவணை முடிந்ததும் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி, மார்த்தாண்டம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆர்சியிலிருந்து கடன் குறிப்பை நீக்குங்கள். அதைச் செய்யாத வண்டியை விற்கப் போகும்போதுதான், நிறுவனத்தின் கிளை ஊரை விட்டுப் போனது தெரியவரும்.