மச்சத்தை வெட்டுவதா, விட்டுப் பார்ப்பதா?

கேள்வி: தோல் புற்றுநோயாக இருக்குமோ என்று எடுக்கப்படும் மச்சங்களில் பெரும்பாலானவை சாதாரண மச்சங்கள்தான் என்கிறார்கள். நோயையும் தவறவிடாமல், வீணாகவும் வெட்டாமல் இருக்க வழி உண்டா?

உண்டு. பார்ப்பதற்கும் வெட்டுவதற்கும் நடுவில் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை ஒன்று இருக்கிறது. அதை ஒழுங்காகச் செய்தால் இரண்டு தவறும் சேர்ந்தே குறையும். அதைச் செய்யாமல் சந்தேகத்தை மட்டும் கூட்டினாலும் குறைத்தாலும், ஒரு தவறு குறையும்போது மற்றது ஏறும்.

முதலில் கணக்கு. நாம் தேடுவது மெலனோமா, அதாவது மச்சம் போலத் தோன்றும் தோல் புற்றுநோய். சாதாரண மச்சங்களில் 80 சதவீதத்தைச் சரியாக ஒதுக்குகிறோம் என்று வைத்துக்கொண்டால், வெறும் கண் மெலனோமாக்களில் 76 சதவீதத்தையும், தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப் கருவி 92 சதவீதத்தையும் பிடிக்கின்றன என்று 2018இல் வந்த காக்ரேன் என்ற ஆய்வு அமைப்பின் தொகுப்பாய்வு காட்டியது. 1,000 மச்சங்களில் 10 மெலனோமா என்று வைத்துக்கொள்ளுங்கள். டெர்மாஸ்கோப்பில் 9 பிடிபடும், ஒன்று தப்பும். மீதி 990இல் 198 சாதாரண மச்சங்களும் சந்தேகத்தில் சிக்கும். அத்தனையையும் வெட்டினால் ஒரு மெலனோமாவுக்கு 22 வீண் தழும்பு. மருத்துவர் மேல் குறை இல்லை. தேடும் நோய் அரிது, அதனால் கணக்கு இப்படித்தான் வரும்.

ஒன்றைக்கூட விடக்கூடாது என்று இயந்திரத்திடம் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு மெலாஃபைண்ட் சாட்சி. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2011இல் அனுமதித்த, மச்சத்தை ஆராயும் கருவி அது. ஆய்வில் 98 சதவீத மெலனோமாக்களைப் பிடித்தது. ஆனால் மெலனோமா அல்லாதவற்றில் சுமார் 10 சதவீதத்தைத்தான் 'விட்டுவிடலாம்' என்றது. மருத்துவர்கள் ஏற்கெனவே சந்தேகப்பட்ட மச்சங்களில் நடந்த ஆய்வு அது என்பது உண்மைதான். அப்படியிருந்தும், கிட்டத்தட்ட எல்லாவற்றையும் 'எடு' என்று சொல்லும் கருவியால் யாருக்கு என்ன பயன்? பின்னாளில் அது சந்தையை விட்டே போய்விட்டது. செயற்கை நுண்ணறிவுக்கு வேறொரு பலவீனம். மச்சத்தின் அருகே மருத்துவர் போட்ட ஊதா மைக் குறியைப் பார்த்தே ஒரு நிரல் சாதாரண மச்சத்தையும் மெலனோமா என்று மதிப்பிட்டதை 2019இல் வந்த ஆய்வு காட்டியது. செயலிக்கோ மருத்துவருக்கோ படம் அனுப்புகிறவர்கள் பேனாவால் வட்டம் போட்டுவிட்டுப் படமெடுக்காதீர்கள்.

இனி ஒப்பீடு. ஒருவர் உடம்பில் உள்ள மச்சங்கள் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. நிறத்திலும் அமைப்பிலும் சாயல் இருக்கும். அந்தச் சாயலில் சேராத ஒன்றைத்தான் தேட வேண்டும். அதனால் காட்ட வந்த ஒரு மச்சத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்வது சரியில்லை. முதுகு, தொடை, உள்ளங்கால் வரை முழுத் தோலையும் பார்க்க வேண்டும். ஓரம் கோணல், நிறம் கலப்பு என்று தனியாகப் பார்த்தால் தவறாகத் தெரியும் மச்சம், அதே மாதிரி இன்னும் பத்து இருக்கும்போது பெரும்பாலும் அந்த ஆளின் இயல்பாகிவிடும்.

அப்படியும் சந்தேகம் தீராத தட்டையான மச்சத்தை டெர்மாஸ்கோப் வழியே படமெடுத்து, 3 மாதம் கழித்து அதே கருவியில், அதே உருப்பெருக்கத்தில் மறுபடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மாற்றம் தெரிந்தால் வெட்டு, இல்லையென்றால் விடு. இதற்கு இரண்டு விலக்குகள். திரும்பி வருவாரா என்று உறுதியில்லாதவருக்கு அன்றே எடுத்துவிடுவது நல்லது. அடுத்தது, மேடாக, தொட்டால் கெட்டியாக, ஒரு மாதத்துக்கு மேல் வளர்ந்துகொண்டே இருக்கும் கட்டி. இதற்குக் காத்திருக்கவே கூடாது. முடிச்சு வகை மெலனோமா ஆழமாக, வேகமாக இறங்கும். பல சமயம் உருண்டையாக, ஒரே நிறத்தில், இளஞ்சிவப்பாகக்கூட இருப்பதால் 'கோணல், நிறக்கலப்பு' விதியில் சிக்காது. மெலனோமாவில் உயிருக்கு வரும் ஆபத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அது தோலுக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று மில்லிமீட்டரில் அளக்கும் பிரெஸ்லோ ஆழம்தான்.

நம்மைப் போன்ற கருந்தோல்காரர்களுக்கு மெலனோமா அரிது. வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகம் ஆகிய இடங்களில் வருவது அதிகம். இங்கே ஜப்பானிய மருத்துவர்கள் கண்ட வழி அருமையானது. உள்ளங்கால் ரேகைகளில் மேடும் பள்ளமும் உண்டு. கருமை பள்ளத்தோடு ஓடினால் சாதாரண மச்சம். மேட்டின் மேல் ஓடினால் உடனே பயாப்சி, அதாவது துண்டெடுத்துச் சோதித்தல். 2004இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் இந்த மேட்டு அடையாளம் 86 சதவீத மெலனோமாக்களில் இருந்தது. சாதாரண மச்சங்களில் 1 சதவீதத்தில்தான் இருந்தது. எது மேடு, எது பள்ளம் என்று குழம்பினால் பேனா மையைத் தடவித் துடைத்துவிட்டுப் பாருங்கள், பள்ளத்தில் மை தங்கும். இரண்டிலும் சேராத, ஒழுங்கற்ற கருமை 7 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால் பயாப்சி, குறைவாக இருந்தால் கண்காணிப்பு. நகங்களில் பலவற்றில் கருங்கோடு இருப்பது நமக்குச் சகஜம். ஒரே நகத்தில் புதிதாக வந்து, அகன்றுகொண்டே போய், நகத்தை ஒட்டிய தோலிலும் கறை பரவும் கோடுதான் ஆபத்து.

வருமுன் காப்போம் என்று எல்லா மச்சங்களையும் எடுப்பதில் பயனில்லை. சுமார் 70 சதவீத மெலனோமாக்கள் மச்சமே இல்லாத தோலில்தான் புதிதாகத் தோன்றுகின்றன. நெஞ்சிலும் தோளிலும் வெட்டினால் நமக்குக் புடைத்து வளரும் கெலாய்டு தழும்பு வரும் வாய்ப்பும் அதிகம்.

எடுப்பது என்று முடிவானால், சுற்றிலும் சுமார் 2 மில்லிமீட்டர் விட்டு, முழு ஆழத்துக்கு, ஒரே துண்டாக எடுக்க வேண்டும். கை கால்களில் வெட்டு நீளவாக்கில் இருக்கட்டும். மேலாகச் சீவினால் அடிப்பாகம் உள்ளேயே தங்கி, ஆழத்தை அளக்க முடியாமல் போகும். லேசரிலோ அழகு நிலையத்து அமிலத்திலோ கரைத்தால் பரிசோதிக்கத் துண்டே மிஞ்சாது. பிறகு அதே இடத்தில் மச்சம் முளைத்தால் மெலனோமா போலவே தோன்றி எல்லோரையும் குழப்பும்.

அழகுக்காக எடுத்தாலும் துண்டைக் கெடாமல் காக்கும் ஃபார்மலினில் போட்டு, டெர்மாஸ்கோப் படத்தோடு பெத்தாலஜிக்கு (திசுப் பரிசோதனைக் கூடத்துக்கு) அனுப்பச் சொல்லுங்கள். அங்கும் சாம்பல் பகுதி உண்டு: 2017இல் 187 அமெரிக்கப் பெத்தாலஜிஸ்டுகளிடம் நடந்த ஆய்வில், சாதாரண மச்சத்துக்கும் முற்றிய மெலனோமாவுக்கும் நடுவிலுள்ள வகைகளில் நிபுணர் குழுவின் முடிவோடு ஒத்துப்போன அறிக்கைகள் பாதிக்கும் குறைவு. அறிக்கையில் 'தீவிர மாறுபாடு', 'உறுதியாகச் சொல்ல இயலாது' போன்ற வரிகள் இருந்தால், மறுபடி ஆழமாக வெட்டச் சம்மதிக்கும் முன் கண்ணாடி ஸ்லைடையும் துண்டைப் பதித்து வைத்த பாரஃபின் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கி, தோல் பெத்தாலஜியில் தேர்ந்த இன்னொருவரிடம் காட்டுங்கள்.