"எனக்கு வரைய வராது" என்று சொல்லும் எட்டு வயதுப் பிள்ளைக்கு வீட்டில் என்ன கலை வேலைகள் கொடுக்கலாம்?

கேள்வி கேட்டவர் பினாங்கில் இருக்கும் ஓர் அம்மா. மகள் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. போன வருடம் வரை சுவர், நோட்டு, மின்கட்டண பில் என்று கண்டதில் எல்லாம் கிறுக்கிக்கொண்டிருந்தவள், இப்போது "எனக்கு வரைய வராதும்மா" என்று பென்சிலைத் தள்ளி வைக்கிறாளாம். யூடியூப் பார்த்துச் செய்யச் சொன்னாலும் பாதியில் எழுந்துவிடுகிறாளாம். வீட்டில் என்ன செய்ய வைக்கலாம், ஓவிய வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

நானும் பினாங்கில்தான் இருக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் காட்சிக்கலை பாடம் எடுக்கிறேன். மூன்றாம், நான்காம் ஆண்டுப் பிள்ளைகளிடம் இந்த வசனத்தைக் கேட்காத வாரமே கிடையாது. பயப்பட ஒன்றுமில்லை. அவள் கண் முந்திக்கொண்டது, கை இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். ஐந்து வயதில் வட்டம் போட்டு இரண்டு குச்சி இழுத்தால் அது அம்மா. எட்டரை, ஒன்பது வயதில் அதே பிள்ளைக்கு அது அம்மா மாதிரி இல்லை என்று தெரிந்துவிடுகிறது. குழந்தை ஓவியத்தைப் பல காலம் ஆராய்ந்த விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-இலேயே இதை எழுதியிருக்கிறார். இரண்டு வயதுக் கிறுக்கல், நான்கு வயதில் முதல் உருவங்கள், ஏழு வயதில் நிலைத்த வடிவங்கள், ஒன்பதை ஒட்டி "நிஜம் மாதிரி வர வேண்டும்" என்ற ஆசை என்று அவர் படிகளைப் பிரித்தார். பெரியவர்கள் பலர் வரைவதை விட்டதும் இந்த ஒன்பது, பத்து வயதில்தான். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

இந்த நேரத்தில் நாம் என்ன செய்கிறோம்? யூடியூபில் முடித்து வைத்த ஒரு மயிலைக் காட்டுகிறோம். முதல் நொடியிலேயே அது முழு அழகோடு வந்து நிற்கும். பிள்ளை போடும் ஒவ்வொரு கோடும் அதோடு மல்லுக்கட்டித் தோற்கும். பாதியில் எழுந்து போகாமல் என்ன செய்வாள்? அதனால் என் பதில் ஒன்றுதான்: முடித்த மாதிரியைக் காட்டாதீர்கள். பார்க்க ஒரு பொருளைக் கொடுங்கள், அல்லது தானாக ஏதாவது செய்யும் ஒரு சாமானைக் கொடுங்கள். சரி, தப்பு என்று சொல்ல எதிரில் எதுவும் இல்லாதபோது கை தானாக நகரும்.

சங்குப்பூவில் ஆரம்பியுங்கள். மலாய்க்காரர்கள் பூங்ஙா தெலாங் என்பார்கள், நாசி கெராபு சோற்றுக்கு நீலம் ஏற்றுவது இந்தப் பூதான். பக்கத்து வீட்டு வேலியில் கட்டாயம் இருக்கும், கேட்டுவிட்டுப் பறியுங்கள். ஒரு கைப்பிடி பூவை அரைக் கோப்பை வெந்நீரில் போட்டு மூடி வைத்தால் சற்று நேரத்தில் நல்ல கருநீலம் இறங்கும். ஆறியதும் கெட்டியான டிராயிங் பிளாக் தாளில் தூரிகையால் முழுக்கப் பூசச் சொல்லுங்கள். என்ன வரைவது என்ற கேள்வியே எழக்கூடாது, சும்மா பூசட்டும். ஈரம் காய்வதற்குள் காது குடையும் பஞ்சுக்குச்சியை எலுமிச்சைச் சாற்றில் தொட்டு ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். நீலத்துக்கு நடுவில் ரோஜா நிறம் விரியும். இன்னொரு குச்சியை ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரில் தொட்டு வைத்தால் பச்சை. புளிப்புக்கு ஒரு நிறம், சோடா மாதிரிக் காரப் பொருளுக்கு ஒரு நிறம் என்று மாறும் ஆந்தோசயனின் என்ற நிறப்பொருள் அந்தப் பூவில் இருக்கிறது. இந்த இடத்தில் எந்தப் பிள்ளையும் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. புளித்தண்ணீர், சவர்க்காரத் தண்ணீர், மைலோ வரை கொண்டுவந்து சோதிப்பார்கள். மைலோவால் தாள் நாறும், எறும்பு வரும், முன்பே சொல்லிவிடுகிறேன்.

தாள் காய்ந்ததும் கறுப்பு மார்க்கர் ஒன்றைக் கையில் கொடுங்கள். அந்தத் திட்டுகளில் ஒன்று ஆமை மாதிரி இருக்கும், ஒன்று பாட்டியின் கொண்டை மாதிரி இருக்கும். தெரிந்ததற்குக் கண்ணும் காலும் போடுவாள். வரைய வராது என்று சொன்னதை அதற்குள் மறந்திருப்பாள், நீங்களும் ஞாபகப்படுத்தாதீர்கள். வெயில் படும் சுவரில் மட்டும் ஒட்ட வேண்டாம், சில நாளில் வெளிறிவிடும்.

மஞ்சள்தூள் கரைசலிலும் இப்படிச் செய்யலாம். மஞ்சள் பூசிய தாளில் ஆப்பச் சோடா நீரால் எழுதினால் செம்பழுப்பாக எழுத்து தெரியும். ஆரத்தித் தட்டில் நடப்பதும் இதுதான். ஆனால் ஆரத்திக்குச் சேர்க்கும் வெற்றிலைச் சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து.

அடுத்தது மெழுகுவர்த்தி. வெள்ளை மெழுகுவர்த்தியை வெள்ளைத் தாளில் அழுத்தி இழுத்தால் என்ன வரைந்தோம் என்று கண்ணுக்கே தெரியாது, அதுதான் இதன் சுகம். மேலே தண்ணீராகக் கரைத்த வண்ணத்தைப் பூசும்போது மெழுகு பட்ட இடம் மட்டும் வண்ணம் பிடிக்காமல் வெள்ளையாக எழும்பி வரும். நம் ஊர்ப் பாத்திக் துணியின் சூட்சுமமும் இதே மெழுகுதான். உருக்கிய மெழுகைச் சந்திங் என்ற சிறு மூக்குள்ள கருவியால் துணியில் கோடாக விடுவார்கள், மேலே சாயம் ஏற்றுவார்கள், கடைசியில் மெழுகைக் கொதிநீரில் எடுப்பார்கள். சட்டைக்கும் சாரோங்குக்கும் என்றிருந்த அந்த வேலையை 1950-களில் ஓவியமாக மாற்றிச் சட்டம் போட்டு மாட்ட வைத்தவர் பினாங்கில் வாழ்ந்த சுவா தியன் தெங். இதை மகளுக்குச் சொல்லுங்கள். நம் ஊரில் இருந்த ஒருவர் இப்படிச் செய்தார் என்று தெரிந்தால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

வீட்டை விட்டு வெளியே போக முடிந்தால் ஜார்ஜ்டவுனுக்குக் கூட்டிப் போங்கள். ஆர்மேனியன் ஸ்ட்ரீட்டில் எர்னஸ்ட் ஸக்கரேவிச் 2012-இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் சுவருக்கு முன்னால் எப்போதும் படம் பிடிக்க வரிசை நிற்கும். நீங்கள் படம் பிடிப்பது இருக்கட்டும், முதலில் மகளைச் சுவருக்குப் பக்கத்தில் நிறுத்தி எது நிஜம், எது வண்ணம் என்று கேளுங்கள். சைக்கிள் நிஜ இரும்பு. அதில் உட்கார்ந்திருக்கும் அக்காவும் தம்பியும் வண்ணம். ஆ குவீ ஸ்ட்ரீட் பையனின் மோட்டார் சைக்கிளும் அப்படித்தான், நிஜ வண்டி, வரைந்த பையன். வீட்டுக்கு வந்ததும் ஒரு சட்டைப் பொத்தான், ஒரு சோடா மூடி, உடைந்த சீப்புத் துண்டு, எதையாவது தாளில் ஒட்டிக் கொடுங்கள். மீதியை அவள் வரையட்டும். பொத்தான் லோரிச் சக்கரமாகும், சீப்பு வேலியாகும். வெள்ளைத் தாளின் மிரட்டல் பாதி குறைந்துவிடும், ஏனென்றால் படத்தில் ஏற்கனவே ஒன்று இருக்கிறது. வகுப்பில் முப்பது பேரையும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வைக்க எனக்குத் தெரிந்து இதைவிட எளிய பாடம் இல்லை. ஆசிரியர்கள் யாராவது படித்தால், ஒரு பொத்தான் டப்பா போதும்.

அதே தெருக்களில் சுவரில் பதித்த இரும்புக் கம்பிக் கேலிச்சித்திரங்களையும் பார்ப்பீர்கள். ஒவ்வொன்றும் அந்தத் தெருவின் பழைய தொழிலையோ கதையையோ சொல்லும். பூக்கடையில் கிடைக்கும் மெல்லிய கம்பியை வளைத்து வீட்டில் செய்து பார்க்கலாம். கம்பியின் முனையை மட்டும் மடக்கிக் கொடுங்கள்.

தாவரவியல் பூங்காவில் நாகலிங்க மரம் இருக்கிறது. கீழே விழுந்து கிடக்கும் பூ ஒன்றை எடுத்து உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் லிங்கம், மேலே படம் எடுத்த நாகம். கோயிலில் பார்த்த உருவம் மரத்தில் பூத்துக் கிடக்கிறதே என்று என் மாணவர்கள் வாயைப் பிளப்பார்கள். அங்கேயே ஒரு விளையாட்டு: கண் பூவை விட்டு நகரக்கூடாது, தாளைப் பார்க்கக்கூடாது, பென்சிலைத் தூக்கக்கூடாது, ஓர் எறும்பு பூவின் விளிம்பில் ஊர்வது போல மெதுவாகக் கோடு போக வேண்டும். முடிவில் வருவது கோணல்மாணலாகத்தான் இருக்கும், எல்லாருக்கும் அப்படித்தான் வரும், நீங்களும் உட்கார்ந்து போடுங்கள். அம்மாவின் கோடு தன்னுடையதைவிடக் கோணலாக இருப்பதைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு ஒரு மாத வகுப்புக்குச் சமம்.

கோலாலம்பூர்க்காரர்கள் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்துக்குப் போகலாம். ஓடுகளிலும் மரத்திலும் உள்ள நட்சத்திரக் கோலங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அங்கேயே கட்டம் போட்ட நோட்டில் வரைய வைத்தால் போதும். எல்லாக் கூடத்தையும் சுற்றிக் காட்டினால் கால் வலிக்கிறது என்ற புகார்தான் மிஞ்சும்.

கோலம் என்று வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். வரையப் பயப்படும் பிள்ளைக்குப் புள்ளிக் கோலம் அருமையான பிடிமானம், ஏனென்றால் புள்ளி எங்கே என்று ஏற்கனவே முடிவாகிவிட்டது. ஐந்துக்கு ஐந்து நேர்ப்புள்ளி வைத்து அதே தாளை நான்கு பிரதி எடுங்கள். வீட்டில் ஆளுக்கு ஒன்று, ஒருவர் கோலம் மற்றவர் கோலம் மாதிரி இருக்கக் கூடாது. பாட்டி சிக்குக் கோலம் இழுத்தால் பேத்தி அதில் கட்டாயம் ஒரு பூனையைப் புகுத்துவாள். "இதெல்லாம் சரி, கணக்கு யார் செய்வது" என்று கேட்கும் அப்பாக்களுக்கு ஒரு தகவல்: 1970-களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி தம்பதியர் கோலத்தின் ஒழுங்கைக் கணினி அறிவியல் ஆராய்ச்சிக்கே எடுத்துக்கொண்டார்கள்.

தீபாவளி நெருங்கும்போது பேரங்காடிகளில் போடும் வண்ண அரிசிக் கோலத்தை வீட்டிலும் போடலாம். ஒரு கோப்பை அரிசி, சில சொட்டு உணவு நிறமி, ஒரு தேக்கரண்டி வினிகர், எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் குலுக்கிச் செய்தித்தாளில் பரப்பினால் காய்ந்துவிடும். எங்கள் வீட்டில் அரிசியோடு விளையாடக் கூடாது என்று மாமியார் பிடிவாதம், அவர் சொல்வதும் நியாயம்தான். வண்டு விழுந்த அரிசியை இதற்கென்று எடுத்து வைப்பது என்று சமாதானம் ஆகியிருக்கிறது. உப்பும் மாவும் பிசைந்து பொம்மை செய்யும் வேலையை மட்டும் மழைக் காலத்தில் தொடாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் காயாது, பூஞ்சை பிடிக்கும்.

சாமான் அதிகம் வேண்டாம். பள்ளிக்கு வாங்கிய புஞ்சோ வண்ணம், ஐஸ்கிரீம் டப்பாவில் தண்ணீர், மேசையில் செய்தித்தாள், அப்பாவின் பழைய டீ-ஷர்ட். நீங்கள் பக்கத்தில் இருங்கள், ஆனால் அவள் தாளில் உங்கள் பென்சில் படவே கூடாது. "இந்தக் கையை இப்படி வரையணும்" என்று ஒரு கோடு திருத்தினால் அந்தப் படம் அப்புறம் உங்களுடையது. காட்ட வரும்போது உடனே "அழகா இருக்கு" என்று சொல்லிக் கத்தரிக்காமல், பார்த்ததைச் சொல்லுங்கள்: "வானத்துக்கு இவ்வளவு இடம் விட்டிருக்கியே, ஏன்?" பதில் வரும், சில நாள் நீளமாகவே வரும். அன்று சமையல் தாமதமாகும்.

வகுப்பில் சேர்க்கலாமா என்றால், சேர்க்கலாம், ஆனால் பார்த்துச் சேருங்கள். நம் நாட்டில் வர்ணம் தீட்டும் போட்டிகளுக்குக் குறைவே இல்லை, கோயில், கடை, பள்ளி என்று எங்கும் நடக்கும். பல வகுப்புகள் அந்தப் போட்டிக்குத் தயார் செய்யும் இடங்கள்தான். எண்ணெய் பாஸ்டலை அடர்த்தியிலிருந்து வெளிர் வரை வழவழவென்று தேய்க்க நன்றாகவே சொல்லிக்கொடுப்பார்கள், அதில் ஒரு கைத்திறன் இருக்கிறது, கேலி செய்யவில்லை. உங்கள் மகளுக்கு இப்போது வேண்டியது அது இல்லை என்றுதான் சொல்கிறேன். பணம் கட்டுவதற்கு முன் சுவரில் மாட்டியிருக்கும் பிள்ளைகளின் படங்களைப் பாருங்கள். பத்துப் பேர் படத்திலும் ஒரே மலை, ஒரே சூரியன், வலப்பக்கம் சாய்ந்த ஒரே தென்னை மரம் இருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். படங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் விதவிதமாக இருந்தால் ஒரு சோதனை வகுப்பு கேளுங்கள், முடியும் வரை வெளியே உட்கார்ந்திருங்கள். மகளின் கையிலிருந்து ஆசிரியர் பென்சிலை வாங்குகிறாரா என்று மட்டும் கவனியுங்கள்.