வெளிறிய மரத்துக்கு நிறம் ஏற்றுதல்: ஸ்காபரோவுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு ஒரு பதில்

அன்புத் தம்பி,

களுவாஞ்சிகுடியில் மாமாவின் பட்டறையில் ஓடாவி வேலை பழகி, கடந்த இலையுதிர் காலத்தில் கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்திருக்கும் நீங்கள் மூன்று விடயங்களைக் கேட்டிருக்கிறீர்கள். பைன் பலகையில் செய்த புத்தக அலுமாரிக்குத் தேக்கு நிறம் பூசியபோது அது ஏன் திட்டுத்திட்டாக வந்தது, எந்தத் தூரிகையை வாங்குவது, அடுத்த மாதம் ஒரு வீட்டின் ஓக் படிக்கட்டை அடர்ந்த நிறத்துக்கு மாற்றிக் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கும் வேலையை எங்கிருந்து தொடங்குவது என்பவையே அவை. ஆரையம்பதியிலிருந்து வந்து, இந்நகரத்தில் நெடுங்காலமாக மரத்தளபாடங்களுக்கு நிறமும் மேற்பூச்சும் செய்து வருபவன் என்ற வகையில், நான் உறுதியாக அறிந்தவற்றை எழுதுகிறேன்.

அலுமாரி திட்டுத்திட்டாக வந்ததற்கு உங்கள் கைப்பழக்கம் காரணமல்ல. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நாம் தொட்டுப் பழகிய தேக்கு, முதிரை, பலா, வேம்பு ஆகியவை தமக்கென நிறம் உடையவை. அவற்றை இழைத்து, தேய்த்து, மரத்துளைகளை அடைக்கும் அடிப்பூச்சான சாண்டிங் சீலர் கொடுத்து, அதன்மேல் தெளிந்த பூச்சொன்றைப் பூசினால், மரம் தன் நிறத்தைத் தானே காட்டிவிடும். இங்கே கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பைன், பேர்ச், மேப்பிள், பொப்லர் ஆகியவை வெளிறிய மரங்கள் என்பதால், நிறம் வேண்டுமானால் அதை வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும். ஊரில் அரிதாகச் செய்த ஒரு வேலை இங்கே அன்றாட வேலையாகிவிடுகிறது. ஆகவே தூரிகையைப் பற்றி யோசிக்கும் முன்னர், முன்னால் இருக்கும் மரம் சாயத்தை எப்படிக் குடிக்கும் என்பதை அறிந்துகொள்ள வேண்டும் என்பதே நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் முதன்மையான விடயம்.

பைன் மரத்தின் ஒவ்வோர் ஆண்டு வளையத்திலும் இளவேனிலில் வளர்ந்த மென்மையான வெளிர்ப் பகுதியும், கோடையின் பிற்பகுதியில் வளர்ந்த இறுகிய அடர்ப் பகுதியும் அடுத்தடுத்து இருக்கின்றன. மென்மையான பகுதி சாயத்தை நிறையக் குடிக்கும். இறுகிய பகுதி ஏறக்குறைய மறுத்துவிடும். அதனால் முன்பு வெளிறியிருந்த இடம் அடர்ந்தும், அடர்ந்திருந்த இடம் வெளிறியும், நிழற்படச் சுருளில் தெரியும் மறுபிம்பம்போல மரத்தின் கோலமே தலைகீழாகிறது. பலகையின் அடர்த்தி இடத்துக்கு இடம் மாறுவதால் அதன்மேல் திட்டுகளும் சேர்கின்றன. மேப்பிளும் பேர்ச்சும் வேறு வகையில் இதே தொல்லையைத் தருபவை. ஓக், ஆஷ் போன்ற மரங்களுக்கு அகன்ற துளைகள் இருப்பதால், சாயத்தின் நிறத்துகள்கள் அவற்றில் தங்கி, வரிகளை எடுப்பாகக் காட்டும். உங்களுக்கு முதலாவதாகக் கிடைத்திருக்கும் படிக்கட்டு ஓக்கில் அமைந்திருப்பது நல்லது. பழகுபவருக்கு ஓக்கைவிட இணக்கமான மரம் இங்கே இல்லை என்பது என் கருத்து.

பைனில் திட்டு வராமல் தடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சாயத்துக்கு முன்னர் மரத்தின் பசியைக் குறைத்துவிடுவது. இதற்கென்று விற்கப்படும் முன்பூச்சை ஈரமாகப் பூசி, 5 முதல் 15 நிமிடங்கள் ஊறவிட்டு, மிகுதியைத் துடைத்து, பேணியில் குறித்துள்ள நேரத்துக்குள் சாயத்தைப் பூச வேண்டும். எண்ணெய் வகைக்கு அது பெரும்பாலும் 2 மணித்தியாலங்களாக இருக்கும். மெழுகு நீக்கிய அரக்கை நன்றாக நீர்க்கச் செய்து ஒரு கை கொடுப்பதும் அதே பயனைத் தரும். உங்கள் மாமா பிரெஞ்சு பொலிஷ் செய்தவரானால் இந்த அரக்கு உங்களுக்குப் புதிதல்ல. ஆனால் ஒரு எச்சரிக்கை: அரக்கை இளக்குவதற்கு இங்குள்ள கடைகளில் எளிதாகக் கிடைக்கும் மெதைல் ஹைட்ரேட் என்பது மெதனோல் ஆகும். அது ஆவியாகவும் தோல் வழியாகவும் உடலுக்குள் சென்று நஞ்சாகக் கூடியது என்பதால், கையுறையும் காற்றோட்டமும் இன்றி அதைத் தொடாதீர்கள். இரண்டாவது வழி, களிபோன்று தடித்த ஜெல் சாயத்தைப் பயன்படுத்துவது. அது ஆழமாக இறங்காமல் மேற்பரப்பிலேயே தங்குவதால் நிறம் சீராக வரும். முன்பூச்சுக் கொடுத்தால் நிறம் வெளிறிவிடும் என்பதால், பைனில் அடர்ந்த நிறம் கேட்பவர்களுக்கு நான் ஜெல் சாயத்தையே பயன்படுத்துகிறேன்.

அடுத்தது அரத்தாள். நிறத்தின் தரத்தில் பெரும்பகுதியை இதுவே தீர்மானிக்கிறது. இலக்கம் கூடக்கூடத் தாள் நுண்மையாகும். பலகையின் நிலைக்கேற்ப இலக்கம் 80 அல்லது 100 இல் தொடங்கி, 120, 150 என்று ஏறி, 180 அளவில் நிறுத்திவிடுங்கள்; ஓக்கில் நான் பெரும்பாலும் 150 உடன் நிறுத்திக்கொள்வேன். மெருகாகட்டும் என்று 220 ஐத் தாண்டித் தேய்த்தால் மரத்தின் துளைகள் மூடிக்கொண்டு சாயம் ஏறாமல் போய்விடும். பலகையின் வெட்டுமுகம், அதாவது வரிக்குக் குறுக்கே அறுத்த முனை, மட்டும் இதற்கு விலக்கு. அது மற்ற இடங்களைவிட அதிகம் குடித்துக் கறுத்துவிடும் என்பதால், அதை 220 வரை அல்லது அதற்கும் மேலே தேய்த்து அடைத்துவிடுவது நல்லது. இயந்திரத்தால் தேய்த்தால், கடைசி இலக்கத்தை ஒருமுறை கையால் வரியின் திசையிலே தேயுங்கள். இயந்திரம் விட்டுச் சென்ற சுழிகள் சாயம் பட்டவுடன்தான் கண்ணுக்குத் தெரியும். மூட்டுகளில் பிதுங்கி உலர்ந்த பசையும் அப்படித்தான் மறைந்திருக்கும். சாயத்துக்கு முன், எண்ணெய்ப் பூச்சுகளை இளக்கும் மினரல் ஸ்பிரிட் என்ற கரைப்பானில் தோய்த்த துணியால் முழுவதையும் ஒருமுறை துடைத்தால், பசையுள்ள இடங்கள் வெளிறித் தெரியும். அவற்றைச் சுரண்டி எடுத்துவிடலாம். ஊரில் உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டியதுபோல இங்கே செய்ய வேண்டியதில்லை. மெல்லிய உருக்குத் தகட்டுச் சுரண்டி மலிவாகவே கிடைக்கிறது, கைக்கும் பாதுகாப்பானது.

தூரிகையைத் தேர்ந்தெடுப்பது சாயத்தின் கரைப்பானைப் பொறுத்தது. எண்ணெய்ச் சாயத்துக்கு விலங்கு உரோமத் தூரிகையும், நீர்ச் சாயத்துக்கு நைலோன் அல்லது பொலியெஸ்டர் தூரிகையும் பொருந்தும். உரோமம் நீரை உறிஞ்சிச் சோர்ந்து விரிந்துவிடுவதால், இவ்விரண்டையும் மாற்றிப் பயன்படுத்தக் கூடாது. கைப்பிடி பூட்டிய நுரைத் தூரிகை சிறு வேலைகளுக்குப் போதுமானது. ஆனால் அரக்கையோ லாக்கரையோ அதனால் பூச முயன்றால் நுரை கரைந்துபோகும். அகன்ற தளங்களுக்கு நுரைப் பட்டை வசதியானது. நீர்ச் சாயத்தோடு இரும்புக் கம்பளியை ஒருபோதும் சேர்க்க வேண்டாம். அதன் துகள்கள் துருப்பிடிக்கும். ஓக்கில் இயல்பாக உள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கரும்புள்ளிகளையும் உண்டாக்கும். ஊரிலிருந்து தூரிகைகளை அனுப்பச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்குத் தேவையில்லை, மாமாவிடம் நல்ல உளிகளும் கை இழைப்புளியும் இருந்தால், யாராவது வரும்போது அவற்றைக் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள்.

இத்தனையும் சொன்ன பின்னர், என் வேலையில் நான் மிகுதியாகச் செலவழிப்பது தூரிகைக்கல்ல, துணிக்கே என்பதையும் சொல்ல வேண்டும். சாயம் எதனால் பூசப்பட்டாலும், அதைச் சீராக்குவது துடைத்தெடுக்கும் கைதான். நூல் உதிராத, பலமுறை துவைத்த பருத்தித் துணி வேண்டும். பழைய சாறன் துணியும் ரீசேர்ட்டும் மிகப் பொருத்தமானவை. பேணியின் அடியில் நிறத்துகள்கள் படிந்திருக்கும் என்பதால், குலுக்காமல், அடியிலிருந்து மேலாகக் கலக்க வேண்டும். ஒரே வேலைக்கு இரண்டு மூன்று பேணிகள் தேவைப்பட்டால், அனைத்தையும் ஒரு வாளியில் ஊற்றிக் கலந்துகொள்ளுங்கள். தாராளமாகப் பூசி, 5 முதல் 15 நிமிடங்களுக்குள், இன்னும் ஈரமாக இருக்கும்போதே, வரியின் திசையில் மிகுதி முழுவதையும் துடைத்துவிடுங்கள். நிறம் அடர்ந்து வரட்டும் என்று சாயத்தைப் பிசுபிசுக்கும்வரை விட்டுவைப்பது தவறான முறை. துடைக்காமல் படிந்த சாயம் மரத்தைப் பிடிக்காது. அதன்மேல் பூசும் வார்னிஷும் பின்னர் உரிந்து வரும். அடர்த்தி வேண்டுமானால் உலரவிட்டு இரண்டாவது கை கொடுங்கள், அல்லது அடர்ந்த நிறத்தையே வாங்குங்கள். ஒரு பலகையைத் தொடங்கினால் அதன் முழு நீளத்தையும் முடித்த பின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். நடுவில் நிறுத்திய இடத்தில் விழும் கோடு அப்படியே நின்றுவிடும்.

உலர்தலைப் பொறுத்தவரை, ஊரில் கச்சான் காற்று வீசும் மாதங்களுக்கும் மார்கழி மழைக்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் அறிவீர்கள். இங்கே மாரிகாலத்தில் சூடாக்கிய வீட்டினுள் காற்று மிக வறண்டிருப்பதால், நீர்ச் சாயம் துடைப்பதற்குள் காய்ந்துவிடும். அதனால் சிறு சிறு பகுதிகளாகப் பூச வேண்டும். நீர் பட்டால் மரத்தின் நார்கள் எழுந்து நிற்பதால், முதலில் ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டு, 220 ஆல் மெல்லத் தேய்த்த பின்னரே நீர்ச் சாயத்தைப் பூசுங்கள். சூடாக்காத கராஜில் வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் கீழே இருக்கும்போது எண்ணெய்ச் சாயம் நாட்கணக்கில் உலராமல் கிடக்கும்.

எண்ணெய்ச் சாயம் துடைத்த துணிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆயினும் இந்தக் கடிதத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் போன்ற உலரும் எண்ணெய்கள் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேரும்போது வெப்பத்தை வெளியிடுகின்றன. துணியைச் சுருட்டியோ குவித்தோ போட்டால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றிச் சேர்ந்து, தீப்பொறி எதுவும் இல்லாமலே துணி தானாகப் பற்றிக்கொள்ளும். 1991 பெப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் எரிந்தது, அதன் 22 ஆவது மாடியில் மரவேலை செய்தவர்கள் விட்டுச் சென்ற எண்ணெய்த் துணிகளிலிருந்துதான். அதில் தீயணைப்பு வீரர்கள் மூவர் உயிரிழந்தனர். ஒவ்வொரு துணியையும் விரித்து, வெளியே ஒற்றையாகத் தொங்கவிட்டு விறைக்கும்வரை உலர்த்துங்கள். அல்லது நீர் நிரப்பிய, மூடியுள்ள உலோக வாளியில் அமிழ்த்தி வைத்து, நகரசபையின் அபாயக் கழிவு நிலையத்தில் ஒப்படையுங்கள். அடித்தள அறையில் வாடகைக்கு இருப்பவர்கள் இதில் இரட்டிப்புக் கவனம் எடுக்க வேண்டும். பின்னர் ஏதாவது நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தால், வேலைத்தளத்து இரசாயனங்கள் பற்றிய விமிஸ் பயிற்சியைத் தர வேண்டியது அவர்கள் கடமை. அதைக் கேட்டுப் பெறுவதற்குப் புதிதாக வந்தவர் என்று தயங்கத் தேவையில்லை.

இனிப் படிக்கட்டு. ஏற்கெனவே வார்னிஷ் பூசிய மரத்தில் சாதாரண சாயம் இறங்காது என்பதால், பழைய பூச்சை மரம் தெரியும்வரை அகற்ற வேண்டும். தட்டையான படிகளை இயந்திரத்தாலும், மூலைகளைச் சுரண்டியாலும் எடுக்கலாம். 1960 ஆம் ஆண்டுக்கு முன்னர் கட்டிய வீடானால், அங்குள்ள பழைய நிறப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். சோதிக்காமல் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம். கைப்பிடியைத் தாங்கும் கடைந்த கம்பங்களை ஒவ்வொன்றாகச் சுரண்டுவது நாட்களை விழுங்கும் வேலை என்பதால், அவற்றுக்கு வெள்ளை நிறம் பூசி, கைப்பிடிக்கும் படிகளுக்கும் மட்டும் அடர்ந்த சாயம் கொடுக்கலாம் என்று வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசிப்பாருங்கள். இங்கே பலரும் அதை விரும்புகிறார்கள். குடும்பம் குடியிருக்கும் வீடென்பதால் ஒன்றுவிட்டு ஒரு படியாகப் பூசுங்கள், அப்போது அவர்கள் மேலே ஏறி இறங்க வழியிருக்கும். சன்னல்களைத் திறக்க முடியாத குளிரில் எண்ணெய்ச் சாயத்தின் மணம் குழந்தைகளுக்கு ஆகாது. ஒரு படியின் அளவு சிறியது என்பதால் நீர்ச் சாயம் உங்கள் கைக்கு அடங்கும். அதன்மேல் தரைக்கென்று விற்கப்படும் பொலியூரித்தேன் மேற்பூச்சைக் கொடுங்கள். எண்ணெய்ச் சாயத்தைத்தான் பயன்படுத்துவதாக இருந்தால், அது முற்றாக உலரும் முன்னர் நீர் மேற்பூச்சைப் பூச வேண்டாம். அவசரமானால் இடையில் மெழுகு நீக்கிய அரக்கு ஒரு கை கொடுக்கலாம், அது இரண்டையும் பிடித்துக்கொள்ளும்.

வேலையைத் தொடங்கும் முன்னர் படிக்கட்டில் உள்ள அதே வகை ஓக் துண்டொன்றை வாங்கி, படிகளைத் தேய்க்கப்போகும் அதே இலக்கத்துக்குத் தேய்த்து, மூன்று நிறங்களைப் பூசி, மேற்பூச்சையும் முடித்து, அந்த வீட்டுப் படியின்மேலேயே வைத்துப் பகல் வெளிச்சத்திலும் மின்விளக்கிலும் வீட்டுக்காரருக்குக் காட்டுங்கள். கடையில் ஒட்டியிருக்கும் நிறச் சீட்டைப் பார்த்து அவர்கள் தேர்ந்தெடுத்ததை ஒப்புக்கொள்ள வேண்டாம். அவர்கள் தெரிவு செய்த நிறத்தின் பெயரையும் இலக்கத்தையும் துண்டின் பின்புறத்தில் எழுதி, அவர்களிடமே கையொப்பம் பெற்று, வேலை முடிந்து பணம் கைக்கு வரும்வரை அத்துண்டை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.